புயல் நாளில் "ஆசிரியர் வரவில்லை" என்று என் மாணவர்களுக்குச் செய்தி அனுப்பியது குறித்த புகார்

அனுப்புநர்
ஆன்லைன் யோகா ஆசிரியை,
ரெயின்போ நகர், புதுச்சேரி.
(பெயரும் கணக்கு எண்ணும் இணைப்பில் உள்ளன)

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
ஆன்லைன் வகுப்புக்கான ஆப் நடத்தும் நிறுவனம்.

நாள்: 10.02.2025

பொருள்: பிடித்தம் செய்த பணத்தையும், என் மாணவர்களின் பட்டியலையும் உடல்நலக் குறிப்புகளையும் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி திங்கட்கிழமை காலை 6.10-க்கு என் காலை பேட்ச் மாணவர்கள் 14 பேருக்கும் உங்கள் ஆப்பிலிருந்து ஒரு செய்தி போயிருக்கிறது. "உங்கள் ஆசிரியர் இன்றைய வகுப்புக்கு வரவில்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம். இந்த ஆசிரியர்களை முயன்று பாருங்கள்." அதற்குக் கீழே வேறு மூன்று ஆசிரியர்களின் படம், கட்டணம், சேர்வதற்கான பட்டன். பத்தரை மணி பேட்சுக்கும் மாலை பேட்சுக்கும் அதே செய்தி. அடுத்த இரண்டு நாளும் அதே செய்தி.

அந்த மூன்று நாளும் நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர் எப்படிப்பட்ட பள்ளம் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விடியும்போது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கேஸ் சிலிண்டர் மிதந்துகொண்டிருந்தது. மாமியாரைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றினோம். வகுப்புக்கு வைத்திருந்த லேப்டாப்பையும் மைக்கையும் துணிமூட்டை மாதிரி சுற்றி அலமாரி மேல் தட்டில் வைத்தேன். கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் தண்ணீருக்குள் போய்விட்டது. போனில் சிக்னல் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை, பக்கத்து வீட்டு அண்ணன் காரில் சார்ஜ் போட்டுக் கொடுத்த போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்ற பிறகுதான் இரண்டு கோடு சிக்னல் கிடைத்தது. முதலில் வந்து விழுந்தது உங்கள் ஆப்பின் அறிவிப்பு: "வகுப்பைத் தவறவிட்டதற்கு அபராதம்: வகுப்புக்கு ரூ.500."

அந்த மாடியில் நின்றுகொண்டு என் மாணவர்களுக்கு "நான் நலம், வகுப்பு அடுத்த வாரம்" என்று ஒரு வரி சொல்ல எனக்கு வழியில்லை. ஏனென்றால் அவர்களுடைய போன் எண்களை நீங்கள் எனக்குக் காட்டுவதில்லை. எட்டு மாதமாகத் தினமும் என் முன்னால் பாய் விரிக்கிறவர்கள், ஆனால் ஒருவர் எண்ணும் என்னிடம் இல்லை. ஆப் வழியாகத்தான் பேச வேண்டும் என்பது உங்கள் விதி. ஆப்பில் செய்தி அனுப்பப் பார்த்தேன். "கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது" என்று வந்தது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்து ஓர் அம்மா என்னிடம் படிக்கிறார், வயது 67. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரே தத்தளித்த அதே நாட்களில்தான் அவருக்கும் உங்கள் செய்தி போயிருக்கிறது. என் வீட்டு விலாசம் அவருக்குத் தெரியாது. எப்படியோ சொந்தக்காரர் ஒருவர் மூலம் என் எண்ணைத் தேடிப் பிடித்து, பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். "வரலைன்னு போட்டிருந்தாங்க. பாண்டியில அவ்வளவு மழைன்னு டிவியில பாத்தேன். உனக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்மா" என்றார். அவர் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டைத்தான் இணைத்திருக்கிறேன். புயலில் மாட்டிக்கொண்டவளை "வரவில்லை" என்று, என் பெயரைப் போட்டு, என் மாணவர்களிடமே சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இதுதான் இந்தக் கடிதத்தின் முதல் கேள்வி. உங்கள் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவில் "இயற்கைச் சீற்றக் காலங்களில் அபராதம் இல்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தவறவிட்டது ஒன்பது வகுப்பு. அதற்கு அபராதம் 4,500 ரூபாய். மாணவர்களுக்கு அந்த மூன்று நாள் கட்டணத்தை நீங்கள் திருப்பிக் கொடுத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அது அவர்கள் பணம். அது போக டிசம்பர் 14, 21, 28 மூன்று சனிக்கிழமையும் நான் ஈடு வகுப்பு எடுத்துக் கொடுத்தேன், கட்டணம் இல்லாமல். நான் கேட்பது அபராதத்தை மட்டும்.

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் என் ஆத்திரம் 4,500 ரூபாய்க்கானது என்று நினைத்துவிடுவீர்கள். பதினோரு வருடம் மொட்டை மாடியில் வகுப்பு எடுத்தவள் நான். ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியத் தேர்வில் இரண்டாம் நிலை தேறியிருக்கிறேன். புதுச்சேரியில் யோகா சொல்லிக்கொடுப்பது லேசான விஷயம் இல்லை. கீதானந்த கிரி சுவாமிகள் 1968-லேயே ஆனந்த ஆசிரமம் தொடங்கிய ஊர் இது. ஆண்டுதோறும் ஜனவரி 4 முதல் 7 வரை அரசே சர்வதேச யோகா விழா நடத்துகிறது. சேர வருகிறவர்கள் முதலில் "யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்பார்கள். பெயர் ஒன்றுதான் இங்கே முதலீடு. யோகா தினத்தையொட்டி நீங்கள் தமிழில் போட்ட விளம்பரத்தில் "நீங்கள் பாடம் நடத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று இருந்தது. கணக்கு வழக்கு, நினைவூட்டல், கட்டண வசூல் எல்லாம் ஒற்றை ஆளாகச் செய்து களைத்துப் போயிருந்ததால் அந்த வரியை நம்பினேன். 2024 ஜூன் 10 அன்று ஆண்டுச் சந்தா 18,000, ஜிஎஸ்டி 3,240, மொத்தம் 21,240 ரூபாய் கட்டினேன்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு குறையைச் சொன்னேன். பிராமரி பிராணாயாமம் என்று ஒன்று உண்டு. காதைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு, மூச்சை வெளியே விடும்போது தேனீ ரீங்காரம் மாதிரி "ம்ம்ம்" என்று நீளமாக ஒலிக்க வேண்டும். அந்த ஒலி எந்த அளவு தாழ்வாக, எவ்வளவு நேரம், எங்கே மெல்ல அடங்க வேண்டும் என்பதைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள முடியும். உங்கள் ஆப் அதை மின்விசிறிச் சத்தம், மிக்ஸிச் சத்தம் மாதிரி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு இரண்டு விநாடியில் வெட்டிவிடுகிறது. திரையில் என் வாய் மூடியிருக்கிறது, தொண்டை அதிர்கிறது, அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. "மேடம், மைக் ஆஃப்ல இருக்கு" என்று ஆறேழு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டு விழிப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அமைதியைக் கொண்டுவர முடியாது. ஓங்காரமும் அப்படித்தான்: "ஓ" கேட்கும், "ம்" கேட்காது. இரைச்சல் நீக்கியை அணைக்கும் வசதி கேட்டேன். பிரீமியம் சந்தா எடுத்தால் கிடைக்கும் என்றீர்கள். மாதம் 799 ரூபாய். அக்டோபரிலிருந்து கட்டினேன். பட்டன் வந்தது, அதை அழுத்தினாலும் ரீங்காரம் வெட்டுப்பட்டுத்தான் போனது. டிசம்பரில் நிறுத்தச் சொன்ன பிறகும் ஜனவரிக்குப் பணம் எடுத்தீர்கள். நான்கு மாதம், 3,196 ரூபாய்.

பத்தரை மணி பேட்சில் நான்கு பேர் பிரான்சில் இருக்கிறார்கள், எல்லாம் நம் பாண்டிக் குடும்பங்கள். கோடையில் நமக்கு 10.30 என்றால் பாரிஸில் காலை 7. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள், அதன் பிறகு நம் 10.30 அவர்களுக்கு 6. இது எனக்குத் தெரியும் என்பதால் அக்டோபர் 24-ஆம் தேதியே உங்களுக்கு எழுதிக் கேட்டேன். "தானாக மாறிவிடும்" என்று பதில் வந்தது. மாறவில்லை. 28-ஆம் தேதி நான்கு பேரும் ஆப் காட்டிய 7 மணிக்கு வந்திருக்கிறார்கள். இங்கே மணி 11.30, வகுப்பு முடிந்துவிட்டது. வேலைக்குப் போகிற அவசரத்தில் எழுந்து வந்தவர்கள் கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அது உங்கள் பிழை என்று நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகும் அந்த மதிப்பீடு என் பக்கத்திலேயே இருக்கிறது. ஜனவரி விழாச் சமயத்தில்தான் புது மாணவர்கள் அதிகம் விசாரிப்பார்கள். அவர்கள் பார்த்தது 2.9 நட்சத்திரம். மார்ச் 30 அன்று பாரிஸ் கடிகாரம் மறுபடியும் மாறும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன், மற்ற ஆசிரியர்களுக்காவது சரியாக இருக்கட்டும்.

வரிப் பிடித்தம் பற்றி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை என் வகுப்புகளுக்கு வந்த கட்டணம் 34,800, 37,200, 30,000 என மொத்தம் 1,02,000 ரூபாய். அதில் 5 சதவீதம், 5,100 ரூபாய், "பான் இல்லை" என்று பிடித்திருக்கிறீர்கள். சேர்ந்த அன்றே பான் அட்டையைப் பதிவேற்றிவிட்டேன். உங்கள் ஆப்பிலேயே அதற்குப் பச்சை டிக் இருக்கிறது. இப்படிப்பட்ட தளம் வழியாக ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் போகாத தனிநபருக்கு, பான் கொடுத்திருந்தால் பிடித்தமே கிடையாது என்று என் கணக்கர் சொன்னார். பிடித்த வரி என் பெயரில் சேர்ந்திருக்கிறதா என்று காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐயும் எடுத்துப் பார்த்தேன். என் பெயரில் அந்தப் பணம் வரவாகவே இல்லை.

இவ்வளவையும் நான் ஏற்கெனவே உங்களுக்கு ஐந்து புகார் டிக்கெட்டாக எழுதியிருக்கிறேன். விளம்பரம் தமிழில் போட்டீர்கள். குறை சொல்லத் தமிழில் ஆள் இல்லை. போனில் வந்தவர் ஆங்கிலம் இல்லையென்றால் இந்தி என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் புயலைப் பற்றிச் சொன்னேன். "வகுப்பை 24 மணி நேரம் முன்பே ரத்து செய்திருக்க வேண்டும்" என்பது பதில். ஐந்து டிக்கெட்டும் "தீர்வு காணப்பட்டது" என்று மூடப்பட்டிருக்கின்றன. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தபாலிலும் மின்னஞ்சலிலும் நேரே உங்களுக்கே அனுப்புகிறேன்.

எனக்கு வர வேண்டிய பணம்: அபராதம் 4,500, பிரீமியம் 3,196, வரிப் பிடித்தம் 5,100. இனி இந்த ஆப்பில் தொடரப் போவதில்லை என்பதால் மீதமுள்ள நான்கு மாதச் சந்தா ஜிஎஸ்டியோடு 7,080. ஆக மொத்தம் 19,876 ரூபாய். 31 பேராக இருந்த மாணவர்கள் இன்று 17 பேர். போனவர்களுக்கான நஷ்டத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

பணத்தைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாணவர் சேரும்போதும் அரை மணி நேரம் தனியாகப் பேசி, நான் கைப்பட உங்கள் ஆப்பில் எழுதிவைத்த உடல்நலக் குறிப்புகள் அவை. யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம், யார் வயிற்றில் அறுவை செய்தவர், யாருக்கு மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கொடுக்கவே கூடாது என்று எல்லாம் அதில் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் குனியும் ஆசனங்களை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதியளவில் செய்ய வைப்பேன். அந்தக் குறிப்புகளை இப்போது பூட்டிவைத்திருக்கிறீர்கள். நீங்கள் படம் போட்டுக் காட்டிய வேறு ஆசிரியரிடம் அவர்கள் போனாலும், என்னிடமே இருந்தாலும், அந்தக் குறிப்பு இல்லாமல் சொல்லிக்கொடுப்பது ஆபத்து. பழையபடி மறுபடி எல்லோரையும் கேட்டு எழுதலாம்தான்; ஆனால் கேட்பதற்கு அவர்கள் எண் என்னிடம் இல்லை. மாணவர்களின் சம்மதத்தைக் கேட்டு, சம்மதிப்பவர்களின் எண்ணையும் குறிப்புகளையும் பிப்ரவரி 17-க்குள் எனக்கு அனுப்பிவையுங்கள்.

கூடவே 31 பேருக்கும் தமிழில் ஒரு செய்தி போக வேண்டும்: டிசம்பர் 2, 3, 4 தேதிகளில் வகுப்பு நடக்காததற்குக் காரணம் புயல், ஆசிரியையின் தவறு அல்ல என்று. அக்டோபர் 28-ஆம் தேதி மதிப்பீடுகளையும் நீக்குங்கள்.

மார்ச் 10-க்குள் இவை நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

மாலை பேட்சில் மிச்சமிருக்கும் ஆறு பேரும் இன்று 6.30-க்கு வருவார்கள். பட்டியல் வரும்வரை அவர்களுக்கு உங்கள் ஆப்பிலேயே வகுப்பு எடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
யோகா ஆசிரியை, புதுச்சேரி.

இணைப்பு: சந்தா ரசீது, டிசம்பர் 2 செய்தியின் ஸ்க்ரீன்ஷாட், அபராத அறிவிப்பு, பான் பதிவேற்றத்தின் படம், படிவம் 26ஏஎஸ், ஐந்து டிக்கெட்டுகளின் நகல், பிராமரி வகுப்பின் இரண்டு நிமிடப் பதிவு.