வாயில் இருந்த விடை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல், யோசித்து எழுதுகிறேன் என்றேன். உங்கள் மருத்துவ பீடத்தில் அவசர சிகிச்சைப் பாடத்துக்கு எதிரே உள்ள அறையின்மேல் கணினிப் படத்தையும் சேர்த்துக் காட்டும் மிகை மெய்ம்மைக் கண்ணாடிகள் வாங்கியிருக்கிறார்கள் என்றும், அவற்றுக்கான முதல் பயிற்சிக் கதையை எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்றும் சொன்னாய். 34 ஆண்டுகள் வார்ட்டில் நின்ற தாதிய உத்தியோகத்தர் என்ற முறையில், அந்தக் கண்ணாடிக்குள் எதைக் காட்டச் சொல்வீர்கள் என்று கேட்டாய். எதைக் காட்டக் கூடாது என்பதும் எனக்கு அதே அளவு முக்கியமாகப் படுவதால் இந்தக் கடிதம் நீள்கிறது.

தொண்ணூறுகளில் ஓர் இரவுக் கடமையில் நடந்ததை நீ சிறுமியாக இருந்தபோது பாதி சொல்லியிருக்கிறேன். வயற்காவல் கொட்டிலில் பாயில் படுத்திருந்த ஒருவரைக் கட்டுவிரியன் கடித்து, இமைகள் தாமாகவே சரியத் தொடங்கிய நிலையில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் கழுத்தைச் சொறிந்தார். பிறகு உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு இழுத்தது, நாடி நூலாக மெலிந்தது. அன்று நின்ற உள்ளகப் பயிற்சி வைத்தியர் கெட்டிக்காரப் பிள்ளை. ஒவ்வாமை அதிர்ச்சிக்கு முதல் மருந்து அட்ரினலின், அதைத் தொடைத் தசையில் போட வேண்டும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஆனால் அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்தது மெதுவாக வேலை செய்யும் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற வேறு மருந்தின் பெயர். நான் அட்ரினலின் குப்பியைக் கையில் கொடுத்தபோது அதன் கழுத்தை உடைக்கத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டார். இதற்கிடையில் அந்த விஷமுறிவு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே ஒரு நிமிடம் தோன்றவில்லை. அந்த மனிதர் பிழைத்தார், ஆனால் வாயில் இருந்த விடை கைக்கு வந்து சேர எடுத்த அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கவில்லை.

ஆகவே உன் முதல் கதை இதுவாகவே இருக்கட்டும் என்று கேட்கிறேன். 2022 இல் கேம்பிரிட்ஜ் அடன்புரூக்ஸ் வைத்தியசாலையில் இத்தகைய பயிற்சியைத் தொடங்கியவர்கள் முதலில் ஆஸ்துமாவை எடுத்துக்கொண்டார்கள் என்று நீயே சொன்னாய். அது அவர்கள் வாசலுக்கு அடிக்கடி வரும் நோய். எங்கள் வாசலுக்குப் பாம்புக்கடி வருகிறது, அதற்குக் கொடுக்கும் மருந்தே சிலருக்கு ஆபத்தாகிறது. சிறிய அளவு அட்ரினலினை முன்கூட்டியே தோலுக்கடியில் போட்டால் கடுமையான எதிர்விளைவு குறையும் என்பதை 2011 இல் வெளியான நம் நாட்டு ஆய்வு காட்டியது. குறையும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், வராது என்று சொல்லவில்லை.

கண்ணாடியின் உண்மையான பயன் இத்தகைய இடத்தில்தான் இருக்கிறது. நோர்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லார்டால் 1960 இல் கொண்டுவந்த, நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுத்துப் பழகும் அந்த ரெசசி ஆன் பொம்மை உலகம் முழுவதும் எத்தனையோ கைகளைப் பழக்கியிருக்கிறது. அதன் முகம் பாரிசில் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் படித்த நாளிலிருந்து அதை மேசையில் சும்மா கிடத்திவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்தப் பொம்மைக்குத் தோல் தடிக்காது, உதடு வீங்காது, மூச்சுக்குத் திணறும்போது விலாவிடை உள்ளே இழுக்காது. ஆசிரியர் பக்கத்தில் நின்று, “இப்போது இவருக்கு உடம்பெல்லாம் தடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல வேண்டும். சொன்ன கணத்திலேயே பாதி விடை வெளியே வந்துவிடுகிறது. கண்ணாடியோ ஒன்றும் சொல்லாமல், கழுத்தில் ஒரு சிவப்புத் தடிப்பை மட்டும் காட்டி, மாணவி அதைத் தானாகக் காண்கிறாளா என்று காத்திருக்கலாம். கவனிக்கப் பழக்குவதற்கு இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

கைக்கு வரும் எதையும் படமாக்காதே. அட்ரினலின் குப்பி உண்மையான கண்ணாடிக் குப்பியாக, உள்ளே வெறும் தண்ணீரோடு இருக்கட்டும். மாணவி அதை உடைத்து, ஊசிக்குழலில் 0.5 மில்லிலீற்றர் இழுத்து, பொம்மையின் தொடையில் குத்தட்டும். சேலைன் குழாயும் அதன் ஓட்டத்தை நிறுத்தும் சக்கரமும் உண்மையாக இருக்கட்டும். அவள் சக்கரத்தை மூடினாளா என்பதைக் கருவி கண்டுபிடிக்க வேண்டிய தேவையில்லை. ஆசிரியர் பார்த்துத் தன் டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டினால் நோயாளியின் நிலை மாறும் என்றால் அது போதும். காற்றில் விரலை அசைத்து மருந்தைத் தெரிவு செய்யும் பயிற்சி, என் கண்ணுக்கு, அந்த இளம் வைத்தியரை மீண்டும் வாய்ப்பாட்டுக்கே அனுப்பிவிடும்.

இன்னொன்று, நெஞ்சு அழுத்தும்போது கண்ணாடியின் ஓரத்தில் எண்கள் ஓடும் என்றாய். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுமையாக மேலெழ விடுதல் ஆகியவற்றை முதல் நாளில் எண்ணாகவும் நிறமாகவும் காட்டுவது நல்லது. கை தன் தவறைத் தானே அறியாது. ஆனால் இரண்டாம் நாள் அதைப் பாதி நேரம் மறைத்துவிடு, மூன்றாம் நாள் முழுவதும் எடுத்துவிட்டு, முடிந்த பிறகு மட்டும் காட்டு. எண்ணைப் பார்த்தே அழுத்தப் பழகியவள், எண் இல்லாத ஒரு மனிதர் முன்னே கிடக்கும்போது எதைப் பார்ப்பாள்? பழகியதும் சில மாதங்களில் மங்கிப் போகிறது என்பதால், ஆண்டுக்கொரு நாள் முழுப் பயிற்சி வைப்பதைவிட, வார்ட்டின் மூலையில் பொம்மையும் கண்ணாடியும் எப்போதும் இருந்து, கடமை மாறும் நேரத்தில் பத்து நிமிடம் வந்து போவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கண்ணை முழுவதும் மூடி வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோகும் மெய்நிகர்க் கருவியைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம், மாணவி நிற்கும் அறை மறைவதில்லை என்பதுதான். அவள் நாளைக்கு வேலை செய்யப் போகும் அதே வார்ட்டில், அதே அவசர மருந்துத் தள்ளுவண்டியின் இரண்டாவது இழுப்பறையில் அட்ரினலினைத் தேடி, பக்கத்தில் நிற்கும் தாதியின் முகத்தைப் பார்த்து, “நீங்கள் நேரத்தைக் குறியுங்கள்” என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லும் பழக்கமும் அங்கேதான் வரும். ஆகவே மருத்துவ மாணவர்களை மட்டும் கூப்பிடாதே. தாதியரையும் அதே கதைக்குள், அதே படத்தைப் பார்க்கும்படி நிற்க வை. அன்றிரவு நானும்தானே ஒரு நிமிடம் விறைத்து நின்றேன்.

கருவியைப் பற்றி நீதான் என்னைவிட அறிவாய். ஹோலோலென்ஸ் 2 என்ற கண்ணாடி அரைக் கிலோவுக்கு மேல் எடை. படம் தெரியும் சட்டம் சிறியதாக இருப்பதால், கட்டிலுக்கு அருகில் நின்றால் நோயாளியின் கால் வெட்டுப்பட்டுப் போகும். அதன் உற்பத்தியையே 2024 இல் மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. எனவே கதையைக் கருவியோடு கட்டாமல், நாளைக்கு ஒரு சாதாரணக் கைத்தொலைபேசியைத் தாங்கியில் நிறுத்தினாலும் நடக்கும்படி எழுது. வைகாசி வெயிலில், மின்விசிறி நின்ற அறையில், வியர்வை வழிய நெஞ்சு அழுத்துகிறவரின் கண்ணாடி என்ன ஆகும் என்பதைக் குளிர்நாட்டில் இருப்பவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது கதைக்கு இடமிருந்தால் நீரில் மூழ்கிய பிள்ளையை வை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவைப் பாதை கவிழ்ந்த காலைக்குப் பிறகு, இங்கே உள்ள இளைஞர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் நான் அதையே முதலில் எடுக்கிறேன். மூழ்கியவருக்கு முதலில் ஐந்து மூச்சுக் கொடுத்த பிறகே நெஞ்சை அழுத்த வேண்டும் என்பதையும், வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பதையும் அவர்கள் நம்புவதற்குப் பல நாட்களாகின்றன. நிலாவெளி மணலில் நின்று இதைப் பழக்க ஆசைதான், ஆனால் நண்பகல் வெளிச்சத்தில் அந்தப் படங்கள் வெளுத்துப் போகும் என்று நீ சொன்னதால் மாலையில்தான் முடியும்.

எங்கள் தள்ளுவண்டியின் இழுப்பறைகள் அடுக்கப்படும் ஒழுங்கைத் தாளில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த ஆடியில் வரும்போது எனக்குக் கண்ணாடி ஒன்றும் கொண்டுவர வேண்டாம். நாங்கள் வகுப்புக்கு வைத்திருக்கும் பழைய பொம்மையின் நெஞ்சு ஸ்பிரிங் உடைந்து மூன்று மாதமாகிறது; பிள்ளைகள் அழுத்தினால் அது மேலெழுவதில்லை. அதற்குப் பொருந்தும் ஸ்பிரிங் ஒன்று அங்கே கிடைத்தால் வாங்கி வா. பொம்மையின் முதுகில் உள்ள இலக்கத்தை அம்மாவின் தொலைபேசியிலிருந்து படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா