பாரிஸ்ல இருக்குற பாப்பாவுக்கு

பாப்பா,

சாப்பிட்டியா. அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சாம், காதை மூடாம வெளிய போகாத. வீடியோ கால் வேணாம் வேணாம்னு தள்ளிப் போட்டுட்டே இருக்க, அப்பா தினம் கேக்குறாரு, அவளுக்கு வேலை ஜாஸ்தின்னு நான் சமாளிக்கிறேன். பாண்டியில உன்னை பிரெஞ்சு கிளாஸுக்கு விட்டுட்டு வாசல்லயே நிப்பேன், இப்ப அவங்க ஊருல அவங்க பாஷையிலயே பாடம் எடுக்குற, அதை நான் சொல்லாத ஆளே இல்ல. ஆனா ஒரு போன் பண்ண மட்டும் உனக்கு நேரம் இல்ல.

அத்தை வரன் பேச்சு எடுத்ததுல இருந்துதான் இப்படி. கடைசியா பேசினப்ப உன் கட்டிலுக்கு மேல இருந்த படத்தைக் காணோம், ஆணி மட்டும் இருந்துச்சு. ஒரே போர்வைக்குள்ள ரெண்டு தலை மட்டும் தெரியுமே, அதான். முடி குட்டையா இருக்கவும் சின்னப் பசங்க தூங்குதுன்னுதான் நெனச்சிருந்தேன். அப்புறம் தேடிப் படிச்சேன். துலூஸ் லோத்ரெக்னு ஒரு பிரெஞ்சு ஓவியர் 1892-93 வாக்குல அட்டையில வரைஞ்சதாம், அங்க பாரிஸ்லயே ஒர்சே மியூசியத்துல இருக்காம். ரெண்டும் பொண்ணுங்க, பாரிஸ்ல விடுதியில தொழில் பண்ணவங்க. யார் யாரோ வந்து போற இடத்துல அவங்களுக்குன்னு இருந்தது அந்த நேரம் மட்டும்தான் போல. அவரு அசிங்கமா ஒண்ணும் வரையல பாப்பா, ஒருத்தி முகத்தை ஒருத்தி பாத்துட்டு இருக்கா, அவ்ளோதான். அதே மாதிரி ரெண்டு பொண்ணுங்க முத்தம் குடுத்துக்குற படமும் இருக்கு, அதைப் பாத்துட்டு போனைக் கவுத்து வெச்சேன், கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து மறுபடி பாத்தேன்.

அவரு 1901ல 36 வயசுலயே போயிட்டாரு. அவங்கம்மா ரொம்ப பக்தியான பொம்பள, ஆனாலும் புள்ள வரைஞ்சதை எதையும் ஒளிச்சு வைக்கல, சொந்த ஊர் அல்பிக்கே குடுத்தாங்க, 1922ல அங்க மியூசியமே திறந்தாங்க. அந்த அம்மாவைப் பத்தித்தான் ராத்திரி பூரா யோசிச்சிட்டு இருந்தேன்.

படத்தைத் திரும்ப மாட்டு. எனக்காகக் கழட்டியிருந்தா கண்டிப்பா மாட்டு. நேரத்துக்கு சாப்பிடு, தூங்கு, காதை மூடிக்க மறக்காத.

அத்தைக்கு நீ ஒண்ணும் பதில் சொல்ல வேணாம், நான் சொல்லிக்கிறேன். அப்பாகிட்டயும் நானே பேசுறேன், கொஞ்சம் டைம் குடு. பொங்கலுக்கு டிக்கெட் போடும்போது உன்கூட இருக்குற பொண்ணுக்கும் சேர்த்துப் போடு, அதுக்கு காரம் ஆகுமா, மீன் சாப்பிடுமான்னு முன்னாடியே சொல்லிடு.

அம்மா