ரோஸ்டர் வாங்கப் போகிற மாப்ளேக்கு

மாப்ளே,

உன் மெசேஜ் வந்து நாலு நாள் ஆகிறது. இங்கே சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, வீடு நிறையச் சொந்தக்காரர்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வேலை மந்தம்தான், வெள்ளி விலை போகிற போக்கில் கொலுசு ஆர்டர் கொடுக்கிறவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள்.

சீனாவிலிருந்து காபி ரோஸ்டர் தருவிக்கிறாய் என்றதும் சந்தோஷம். தோட்டத்துக் கொட்டையைப் பச்சையாகவே விற்றுவிட்டு, எவனோ வறுத்து லாபம் பார்ப்பதை எத்தனை வருஷம்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி 70 கப்பல் ஏறும் முன் என்று கேட்டிருக்கிறான், அது வழக்கம்தான், நானும் அப்படித்தான் கொடுக்கிறேன். ஆனால் அந்த 70-ஐ எதைப் பார்த்துவிட்டுக் கொடுக்கப் போகிறாய்? பளபள போட்டோவைப் பார்த்தா? உனக்கு வரப்போகிற அதே மெஷினை, சீரியல் நம்பர் தெரிய, கொட்டை போட்டு ஓட்டிக் காட்டச் சொல். முடிந்தால் காசு போனாலும் பரவாயில்லை என்று ஓர் இன்ஸ்பெக்ஷன் ஆளை ஃபேக்டரிக்கு அனுப்பு. அப்புறம் பர்னர். குழாய் கேஸுக்கு ஒரு நாசில், சிலிண்டருக்கு வேறு நாசில், இதைப் பணம் கட்டும் முன் அவன் அனுப்புகிற ப்ரோபார்மா இன்வாய்ஸிலேயே எழுத வை.

எல்.சி., அதாவது வங்கி உத்தரவாதத்தில் பணம் போகிற கடன் கடிதம், போட்டால் கவலையில்லை என்று யாரோ சொன்னார்களாம். வங்கி பார்ப்பது பேப்பரை மட்டும்தான் மாப்ளே, பேப்பர் சரியாக இருந்தால் பெட்டிக்குள் செங்கல் இருந்தாலும் பணம் போய்விடும்.

உன்னிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது, வெட்கமாக இருந்தது. மூணு வருஷம் முன்னே செயின் மெஷினும் டைகளும் (அச்சுகள்) எஃப்.ஓ.பி. என்கிற விற்பனை முறையில் எடுத்தேன். அதில் சரக்கு கப்பல் ஏறின நிமிஷத்திலிருந்து பொறுப்பு நம்முடையது, இன்சூரன்ஸ் நாம்தான் போடணும். நான் விற்றவன் போட்டிருப்பான் என்று இருந்துவிட்டேன். குடோனில் பலகையை நெம்பியதும் குப்பென்று ஈர வாடை, பிளாஸ்டிக் உறைக்குள்ளே தண்ணீர் தேங்கி, டை ஒவ்வொன்றும் காவி பூசின மாதிரி துரு. யாரிடம் போய்க் கேட்பது? கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் விற்கிறவனே கட்டுகிற சி.ஐ.எஃப். கேட்டாலும் கணக்கு அவ்வளவுதான், அவன் போட வேண்டியது 'சி' கிளாஸ் (clause) என்கிற குறைந்தபட்சக் கவர், கடல் தண்ணீர் உள்ளே புகுந்தால் அதில் வராது. 'ஏ' கிளாஸ் நீயே போட்டுக்கொள், பிரீமியம் பெரிசாக இருக்காது.

போன வருஷம் இன்னொன்று. மீதிப் பணம் அனுப்பும் நேரத்தில் "எங்கள் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள்" என்று மெயில். அதே பழைய பேச்சு வழக்கு, அதே கையெழுத்து. கணக்கு மட்டும் வேறொரு நாட்டில், வேறொரு கம்பெனி பெயரில். மெயில் முகவரியில் 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 1 இருந்தது, கண்டுபிடித்தது வீட்டுக்காரி, நான் இல்லை. பழைய நம்பருக்குப் போன் போட்டால் அந்த ஆள் அலறுகிறான், யாரோ அவர்கள் மெயிலுக்குள் புகுந்து எங்கள் பேச்சை முழுக்கப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கணக்கு எண் மாறினால் குரலைக் கேட்காமல் நான் ஒரு பைசா நகர்த்துவதில்லை.

எல்.சி.எல்.லில், அதாவது பிறர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில், போட்டால் கப்பல் வாடகை கொஞ்சம்தானே என்று ஏமாறாதே, சென்னையில் இறங்கினதும் கன்டெய்னரைப் பிரிக்கிற கிடங்கின் (சி.எஃப்.எஸ்.) பில் அதைத் தாண்டும், முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கு. இறக்குமதிக்கு வேண்டிய ஐ.இ.சி. எண் எடுத்துவிட்டாயா? புது அறுவடைக்கு மெஷின் வேண்டுமென்றால் இப்போதே ஆர்டர் போடு, ஜனவரியில் போட்டால் அவர்கள் புத்தாண்டு விடுமுறையில் சிக்கும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறணும், மெஷினைப் பிரித்துப் பேக் செய்யச் சொல்.

அட்வான்ஸ் போடும் முன் இன்வாய்ஸை எனக்கு அனுப்பு. ஞாயிறு மேலே வருகிறேன், அம்மாவிடம் மிளகு ரசம் வைக்கச் சொல்லு.