இடது கால் ஷூ

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. போன் செய்தால் "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லி உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மாடிக் கசிவையும் ஒருவழியாக அடைத்தாயிற்று. வேறு என்ன சேதி என்று யோசித்தால் உன் ஷூதான் கண்முன் வந்து நிற்கிறது.

அன்று மத்தியானம் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் கிடந்த அதைத் திருப்பிப் பார்த்தேன். வலது கால் ஷூ எல்லாருக்கும் தேய்கிற மாதிரி குதிகாலில் தேய்ந்திருந்தது. இடது காலில் கட்டைவிரல் முனை மட்டும் ரப்பர் போய், உள்ளே துணி தெரிந்தது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று நீதான் சொன்னாய். இருந்த மாதிரியே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பிசியோதெரபிஸ்டாக ஊரார் காலையெல்லாம் பிடித்துப் பார்த்தவன், பெற்ற பெண்ணிடம் "காலைக் காட்டு" என்று கேட்க வாய் வரவில்லை.

அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் கால் ஈரத்துணி மாதிரி தொங்குகிறது, அரை மணியில் சரியாகிவிடுகிறது என்றாயாம். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாயாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, நுனிக்காலில் நிற்கவைத்து, "பலம் ஐந்துக்கு ஐந்து" என்று அனுப்பிவிட்டார் என்பதையும் சொன்னாள். அந்த ஐந்தை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மதிப்பெண்ணை நானும் ஆயிரக்கணக்கான கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன். 1943இல், உலகப் போர் நடந்தபோது, நரம்பில் காயம்பட்டவர்களைப் பரிசோதிக்க பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அளவுகோல் அது. 0 என்றால் தசையில் அசைவே இல்லை. 3 என்றால் காலைத் தூக்க முடியும், ஆனால் லேசாக அழுத்தினாலே விழுந்துவிடும். 5 முழு பலம். நடுவில் உள்ள 4க்குள் எது வேண்டுமானாலும் அடங்கும். உன்னைப் போல ஓடி ஆடி வளர்ந்த பெண்ணின் காலில் நல்ல பங்கு பலம் குறைந்திருந்தாலும், கையால் அழுத்திப் பார்ப்பவருக்கு அது 5 ஆகத்தான் தெரியும். நானாக இருந்தாலும் 5 என்றுதான் போட்டிருப்பேன். அதனால் பலத்தை எண்ணாகக் காட்டும் டைனமோமீட்டர் கருவியை வைத்து இரண்டு காலையும் அளந்து, எண்ணை எண்ணோடு ஒப்பிடச் சொல்.

நுனிக்காலில் நிற்பது போதாது, பாப்பா. அது கெண்டைக்கால் வேலை. மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு என்றால் பெரும்பாலும் கெண்டைக்கால் தாக்குப்பிடிக்கும். தொடையைத் தூக்குவது, முழங்காலை மடக்குவது, பாதத்தை மேலே இழுப்பது, இந்த மூன்றும்தான் முதலில் தளரும். முழங்காலுக்குப் பக்கத்தில் நரம்பு அழுந்தினாலும் பாதம் தொங்கும்தான். ஆனால் அப்போது தொடையைத் தூக்கும் பலம் அப்படியே இருக்கும், சுத்தியலால் தட்டினால் கால் அதிகமாகத் துள்ளாது. உள்ளங்காலின் ஓரத்தைக் கீறும்போது கட்டைவிரல் மேலே எழும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். எழும்பினால் கோளாறு மூளையிலோ தண்டுவடத்திலோ என்று அர்த்தம். 1896இல் பபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் கண்டு சொன்னது, இன்றைக்கும் அதற்கு ஈடு இல்லை.

முக்கியமாக, நடந்துவிட்டுப் போய்க் காலைக் காட்டு. அரை மணி நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வெடுத்த கால் பொய் சொல்லும். கால் இழுக்க ஆரம்பிக்கும்வரை நட, உடனே தொடையைத் தூக்கவைத்து அளக்கச் சொல். உட்கார்ந்தபோது ஒரு எண், நடந்தபின் ஒரு எண். இரண்டையும் எழுதி வாங்கு.

நீயும் அந்தப் பெயரைத் தேடிப் படித்திருப்பாய், எனக்குத் தெரியும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய். அதுதான் என்று நான் சொல்லவில்லை. வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் தளரும். தசை பலத்தை மட்டும் வைத்து எந்த நியூராலஜிஸ்ட்டும் அந்தப் பெயரை எழுத மாட்டார். எம்.ஆர்.ஐ. வேண்டும், தேவைப்பட்டால் முதுகுத் தண்டு நீரும் எடுப்பார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் பலக்குறைவு காட்டிக்கொடுக்கும். நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட சமயத்தில் பாதிப்பு வந்திருக்கிறதா என்றும் அவர்கள் பார்ப்பார்கள். அதனால் பழைய கதை ஒவ்வொன்றும் முக்கியம். அப்புறம், நடந்துவிட்டுப் போ என்றேனே, அதை மறக்காதே.

பழைய கதை என்றதும் சொல்லிவிடுகிறேன். கடைசி வருஷப் பரீட்சைக்கு முன்னால் "வலது கண் மங்கலா இருக்குப்பா, கண்ணை உருட்டினா வலிக்குது, சிவப்பு வெளுத்துத் தெரியுது" என்றாய். ராத்திரியெல்லாம் முழித்துப் படித்தால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். நான் தெரியாமல் சொல்லவில்லை. கண் நரம்பு வீங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு சிலருக்கு என்ன வரும் என்பதும் தெரியும். தெரிந்ததால்தான் பயந்தேன். மூன்று வாரத்தில் பார்வை திரும்பியதும், பார்த்தாயா, நான் சொன்னேனே என்றேன். நீ நம்பினாய். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்த பெண் நீ. இப்போது உன் காலைப் பற்றி என்னிடம் சொல்லாமல் இருக்கிறாய் என்று உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என் பழைய டைரியைத் தேடி எடுத்தேன். "பாப்பாவுக்கு வலது கண் மங்கல், தூக்கமின்மை" என்று என் கையெழுத்திலேயே, தேதியோடு இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தூக்கமின்மை என்ற வார்த்தையை அடிக்கவில்லை. டாக்டரிடம் அப்படியே கொடு, என் அப்பா தவறாக எழுதியது என்று சொல். பார்வை திரும்பியிருந்தாலும், கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி தாமதமாகப் போகிறதா என்று அளக்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதையும் கேள்.

கூட வரட்டுமா என்று போனில் கேட்க நினைக்கிறேன், அதற்குள் நீ அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். வரச் சொன்னால் அன்றைக்கே கிளம்புகிறேன். வேண்டாம் என்றால் நீயே போய்க் காட்டு. நடந்துவிட்டுப் போ. புது ஷூ வாங்கியிருந்தாலும் அன்றைக்கு அந்தப் பழையதையே போட்டுக்கொண்டு போய், கழற்றித் திருப்பிக் காட்டு.

அப்பா