நம் அச்சகத்தின் வண்ண அச்சு இயந்திரம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆடி மாதத்தில் நம் அச்சகத்தின் வண்ண அச்சு இயந்திரத்தை மாற்றினோம் என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். ஆவணி முகூர்த்த வேலைகள் தொடங்கியதிலிருந்து, மதுரை ஸ்டுடியோக்காரர்களும் அழைப்பிதழ்க் கடைக்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் எங்களைப் பற்றி ஒரு செய்தி சுற்றிவருகிறது. வெளிநாட்டில் கழித்துப்போட்ட மிஷினை வாங்கிவைத்து ஓட்டுகிறோம் என்றும், மெரூன் நிறம் மாறிவருவது அதனால்தான் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. நேரில் வந்து கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டோம். கேட்கத் தயங்கி மனத்தில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

நாங்கள் வாங்கியது பயன்படுத்திய இயந்திரம்தான். கொனிகா மினோல்டாவின் பிஸ்ஹப் பிரஸ் சி1070 என்னும், 2013இல் சந்தைக்கு வந்த மாடல். கடைக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் அது நிற்கிறது. யாரிடமும் அதைப் புதியது என்று நாங்கள் சொன்னதில்லை. இந்தத் தரத்தில் புதிய இயந்திரம் வாங்க ஆகும் தொகை, எங்களைப் போல விசிட்டிங் கார்டு, அழைப்பிதழ், போட்டோ ஆல்பம், பள்ளி மலர் என்று சிறு எண்ணிக்கை வேலைகளை நம்பியிருக்கும் கடைக்குக் கட்டுப்படியாகாது. வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் அதன் தவணை முழுவதும் உங்கள் ஒவ்வொரு தாளின் மீதும் ஏறியிருக்கும்.

‘கழித்துப்போட்டது’ என்ற சொல்தான் எங்களை மிகவும் வருத்தியது என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல நிறுவனங்கள் இவ்வகை இயந்திரங்களை முழு விலை கொடுத்து வாங்குவதில்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். குத்தகைக் காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மாடலுக்குப் போகிறார்கள். அப்படித் திரும்பி வந்தவற்றில் பல, நல்ல ஓட்டத்தில் இருப்பவை. சிவகாசியில் பல அச்சகங்கள் ஹைடல்பெர்க், கொமோரி போன்ற ஆஃப்செட் இயந்திரங்களைப் பயன்படுத்திய நிலையில் இறக்குமதி செய்துதான் ஓட்டுகின்றன; அங்கே அச்சான காலண்டரை வீட்டில் மாட்டுகிறவர்கள் யாரும் இயந்திரத்தின் வயதை விசாரிப்பதில்லை. அச்சின் தரத்தைப் பார்த்து எங்களைக் குறை சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்துக் குறை சொல்வது நியாயமாகாது.

பயன்படுத்திய இயந்திரத்தில் தேய்ந்துபோகும் பாகங்கள், அதாவது படம் உருவாகும் ட்ரம், அதற்கு டோனர் என்னும் நிறப்பொடியைக் கொண்டுசேர்க்கும் டெவலப்பர், அதைத் தாளுக்குக் கடத்தும் டிரான்ஸ்ஃபர் பெல்ட், சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் ஆகிய எல்லாமே மாற்றக்கூடியவை. நான்கு நிறத்து ட்ரம்களையும் ஃபியூசர் பெல்ட்டையும் மாற்றிய பிறகே உங்கள் வேலையை அதில் ஏற்றினோம். மாற்றுவதற்கு அரிதானவை சட்டகம், மோட்டார்கள், மின்பலகைகள் ஆகியவை. ஆகவே வாங்குகிறவர் பார்க்க வேண்டியதும் இவற்றைத்தான். பலர், இதுவரை எத்தனை பக்கம் அச்சடித்தது என்று காட்டும் கவுன்ட்டரில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். இதைவிடக் குறைந்த கவுன்ட்டரும் குறைந்த விலையும் கொண்ட ஓர் இயந்திரத்தை ஒரு வியாபாரி எங்களுக்குக் காட்டினார். கவுன்ட்டர் சொன்ன எண்ணோடு பாகங்களின் ஆயுள் கணக்கும் தாள் சிக்கிய பதிவுகளும் பொருந்தவில்லை; தாளை இழுக்கும் ரப்பர் உருளைகளோ வழவழவென்று தேய்ந்திருந்தன. அதை வேண்டாம் என்று விட்டுவந்தோம். கவுன்ட்டரை மாற்றிவைக்க வழி உண்டு, எல்லாப் பாகங்களின் தேய்மானத்தையும் மறைக்க வழியில்லை.

இப்போது நிற்கும் இயந்திரத்தை எடுப்பதற்கு முன், 13க்கு 19 அங்குலத் தாள் முழுவதும் 30 சதவீதச் சாம்பல் நிறத்தை அடித்துப் பார்த்தோம். பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா, ஒரு பக்கம் வெளிறுகிறதா என்பது கெட்டியான நிறத்தைவிட இந்த மெல்லிய நிறத்தில்தான் தெளிவாகத் தெரியும். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பப் புள்ளி விழுந்தால் அந்த இடைவெளியை அளந்தே எந்த உருளையில் பழுது என்று கண்டுவிடலாம். பிறகு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டி அட்டையான ஆர்ட் போர்டை இரு பக்கமும் இடைவிடாமல் ஓடவிட்டோம். ஃபியூசர் பலவீனமாக இருந்தால் முதல் பத்துத் தாள் நன்றாக வரும், போகப் போகச் சூடு குறைந்து, நகத்தால் சுரண்டினாலே டோனர் உதிரும். கடைசியில் வந்த தாள்களை வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்துகின்றனவா என்று பார்த்தோம். விசிட்டிங் கார்டில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் வெட்டும்போது காட்டிக்கொடுத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

இதைவிடப் புதிய மாடல்களும் கைக்கு எட்டும் விலையில் இருந்தன. ஆனால் இந்த மாடல் நம் ஊரிலும் சிவகாசியிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது. இதன் போக்கறிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், உதிரிபாகம் கிடைக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு சிறிய பாகத்துக்காக மும்பையைப் பார்த்துக் காத்திருக்கும் நிலை வந்தால் அது எங்கள் நஷ்டத்தோடு முடியாது, கல்யாண வீட்டாரின் தவிப்பாகிவிடும். கோப்பை அச்சுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கணினியான கன்ட்ரோலர் இல்லாமலோ அதன் உரிமம் இல்லாமலோ இயந்திரத்தை மட்டும் விற்றுவிடுவதும் இத்தொழிலில் நடக்கிறது. ஃபியரி கன்ட்ரோலர் முறையாக இயங்குவதைப் பார்த்த பிறகே நாங்கள் பணம் கொடுத்தோம். டோனரும் ஒரு காரணம். இதில் பயன்படுவது அரைத்துப் பொடியாக்கிய டோனர் அல்ல, இரசாயன முறையில் ஒரே அளவான நுண்துகள்களாக வளர்த்தெடுக்கப்படுவது; மெழுகு துகளுக்குள்ளேயே இருப்பதால் ஃபியூசரில் எண்ணெய் பூச வேண்டியதில்லை. தாளில் எண்ணெய்ப் படலம் இருந்தால் லேமினேஷன் சரியாக ஒட்டாமல் எழும்பிவிடும். ஆல்பம் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மெரூனுக்கு வருகிறோம். மெரூன் என்பது மெஜந்தாவும் மஞ்சளும் நிறைந்து, சிறிது கருப்போ நீலமோ கலந்த நிறம். அந்தச் சிறிய கலப்பு இம்மியளவு கூடினாலும் கண்ணுக்கு அது பழுப்பாகத் தெரியும். எங்கள் பழைய இயந்திரத்துக்கு ஏற்பத் திருத்திவைத்த கோப்பை வேறு எந்த இயந்திரத்தில் கொடுத்தாலும், அது அன்றுதான் பெட்டி பிரித்த புத்தம் புதியதாக இருந்தாலும், நிறம் சற்று வேறுபட்டே வரும். தாளின் ஈரப்பதமும் நிறத்தைப் பாதிக்கும். மேட் லேமினேஷன் போட்டால் அதே சிவப்பு இன்னும் மங்கித் தோன்றும். இதற்காகவே நாள்தோறும் வேலை தொடங்கும் முன்பும் தாள் வகை மாறும்போதும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரால் அளந்து நிறத்தைச் சரிசெய்கிறோம். இயந்திரம் மாறிய நாட்களில் இரண்டாம் தவணையாக அச்சிட்ட அழைப்பிதழ் முதல் தவணையோடு ஒத்துவராமல் சங்கடப்பட்ட குடும்பத்தாருக்கு எங்கள் வருத்தத்தைத் தெரிவித்து, மறுபடி அச்சிட்டும் கொடுத்துவிட்டோம்.

அந்தச் செய்தியைப் பார்த்த பிறகும் வழக்கம்போல் வேலை கொடுத்தவர்களையும், “எங்களுக்கு ஒன்றும் குறை தெரியவில்லையே” என்று அதே குழுவில் பதில் எழுதியவர்களையும் நாங்கள் மறக்க மாட்டோம். தந்தையின் திருமண அழைப்பிதழையும் மகனின் திருமண அழைப்பிதழையும் நம்மிடமே அச்சிட்ட வீடுகள் இருக்கின்றன. இந்தக் கடை நிலைத்திருப்பது உங்களால்தான்.

பயன்படுத்திய இயந்திரங்களுக்குத் தயாரிப்பாளரின் பராமரிப்பு ஒப்பந்தம் பொதுவாகக் கிடைப்பதில்லை என்பதால் உதிரிபாகச் செலவு எங்களுடையதாகிறது. அதனாலும் தாள் விலையாலும் அக்டோபர் 1 முதல் 12க்கு 18 தாளுக்கு 2 ரூபாய் கூடும், மாலை 4 மணிக்குப் பிறகு வரும் கோப்புகள் மறுநாளே அச்சாகும்.

முன்பு அச்சிட்ட வேலையை மறுபடி அச்சிட வருகிறவர்கள், பழைய பிரதி ஒன்றைக் கையோடு கொண்டுவந்தால் அதை வைத்தே நிறத்தைப் பொருத்தித் தருகிறோம். முதல் தாளை உங்களிடம் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகே மீதியை ஓட்டுவோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
அச்சக உரிமையாளர்
மதுரை