புள்ளி வீட்டின் மேல் விழட்டும்

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட டெங்கு வரைபடத்தில் செக்கச்செவேலென்று இருப்பது மூன்றே இடங்கள். மூன்றிலும் இருப்பது பெரிய மருத்துவமனை.

காரணம் தாங்கள் அறியாததல்ல. டெங்குவுக்கான என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தவரின் முகவரிக் கட்டத்தில் "நடுத்தெரு" என்று மட்டும் இருக்கும். ஓர் ஒன்றியத்தில் எத்தனை நடுத்தெரு! கம்ப்யூட்டர் திணறும், மாலைக்குள் நூறு பதிவு முடிக்க வேண்டியவர், மருத்துவமனையின் அட்சரேகை தீர்க்கரேகையைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் புகைமருந்து வண்டி மருத்துவமனை வாசலுக்குத்தான் வருகிறது. நோயாளி வீட்டுக் கொல்லையில் ட்ரம் மூடாமலே கிடக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு 400 மீட்டர் தாண்டுவது அரிது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். முகவரி தேடி ஒரு வாரம் கழிந்தால் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே கேட்கிறோம்: புள்ளி நோயாளியின் வீட்டின் மேல் விழட்டும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் கூரைக்கு வெளியே நின்று, ஜி.பி.எஸ். பிழை 10 மீட்டருக்குள் வந்தபின் போனில் சேமித்தால் போதும். பொதுவில் வெளியிடும்போது 250 மீட்டர் கட்டங்களாகக் காட்டலாம். யார் வீடு என்பது தெரியாது.

"செயற்கைக்கோள் கண்காணிப்பு" என்று மேடையில் சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படத்தில் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டர். ஃப்ரிட்ஜின் பின்தட்டில் தேங்கிய நீர் அதில் எங்கே தெரியும்? ஐப்பசி மேகம் மூடினால் அந்தப் படமும் இல்லை. சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும், ஆனால் அது காட்டுவது வயல் வெள்ளத்தை. ஏடிஸ் தேடுவது தொட்டியையும் டயரையும். யானைக்கால் நோய்க்குப் புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் உயரம், மழை, வெப்பம், மண்வகை கொண்டு அபாய வரைபடம் போட்டது. ஆண்டுக்கணக்கில் பரவும் நோய்க்கு அது பொருந்தும். டெங்குவுக்குத் தெரு வேண்டும். மழை, நிலவெப்பம், கட்டட நெருக்கம் மூன்றையும் சேர்த்து முதலில் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்பலாம் என்று கணக்கிடலாம். ஆனால் அடியில் மருத்துவமனைப் புள்ளி இருந்தால், வாகன நிறுத்துமிடத்தில்தான் டெங்கு உற்பத்தியாகிறது என்று மென்பொருள் கண்டுபிடித்துத் தரும்.

ட்ரோன் வாடகைக்கு இருக்கும் பணம் அந்தப் பணியாளரின் டேட்டா ரீசார்ஜுக்கு ஏன் இல்லை என்பது வேறு கதை. மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

ஐப்பசி மழைக்கு முன் பதிவுப் படிவத்தில் ஒரே மாற்றம் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்: வீட்டுப் புள்ளி கிடைக்காத பதிவு "இடம் தெரியவில்லை" என்றே நிற்கட்டும். மருத்துவமனைமேல் போய் உட்கார வேண்டாம்.

இப்படிக்கு,
களப் பூச்சியியல், வரைபடப் பணியில் இருப்பவர்கள்