அழவைப்பதற்கு யாருடைய முகம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நல்ல படங்கள் வந்தால் உதவும் மனம் நம்மிடையே தானாக வளரும் என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். பிள்ளைகளோடு உட்கார்ந்து நிறையப் படம் பார்த்திருக்கிறேன். தானாக எதுவும் வளர்ந்து நான் பார்க்கவில்லை. படம் நம்மிடம் என்ன கேட்கிறது, யாருடைய முகத்தைக் காட்டிக் கேட்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். உதவி வாங்குகிறவரின் முகத்தைப் படமெடுத்து ஊருக்குக் காட்டும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒருவரை இணங்க வைக்க மூன்று வழி உண்டு என்று அரிஸ்டாட்டில் எழுதி 2300 ஆண்டுக்கு மேல் ஆகிறது. சொல்பவர்மேல் நம்பிக்கை வரவேண்டும், கேட்பவர் மனம் இளக வேண்டும், சொல்வதில் நியாயம் இருக்க வேண்டும். நம் மலேசிய ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் இதைப் புத்தகத்தில் படித்ததில்லை. திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களில் கண்ணால் பார்த்தார்கள். எம்.ஜி.ஆர். திரையில் குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், தாய் சொல்லைத் தட்டமாட்டார். அதனால் "வாத்தியாரே சொல்லிட்டார்" என்றால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அதற்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் அந்தப் படங்களில் அள்ளிக் கொடுப்பதும் அவரே, அநியாயத்தைத் தட்டிக் கேட்பதும் அவரே. விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் வருகைக் கணக்கெடுப்புக்கு, போகவேண்டிய பால்வெட்டுக்காரருக்கு அதில் செய்ய என்ன இருந்தது? கைதட்டினோம், அழுதோம், பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

இன்றைக்கும் பெரும்பாலும் அதே கதைதான். 2000-இல் வந்த "பே இட் ஃபார்வர்ட்" என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் கணக்குப் போடுகிறான். நான் மூன்று பேருக்கு உதவுகிறேன், அவர்கள் எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டாம், ஆளுக்கு மூன்று பேருக்குச் செய்யட்டும். மூன்று ஒன்பதாகும், ஒன்பது இருபத்தேழாகும். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிற நியாயம் இது. இதே கருத்தை எடுத்துக்கொண்டு தெலுங்கில் "ஸ்டாலின்" 2006-இலும், இந்தியில் "ஜெய் ஹோ" 2014-இலும் வந்தன. இரண்டிலும் கதாநாயகன் அடிக்கும் அடிதான் மனதில் நிற்கிறது. மூன்று பேர் கணக்கு ஓர் ஓரமாகப் போய்விட்டது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம்.

மாறாக, 2014-இல் தாய்லாந்துக் காப்புறுதி நிறுவனம் ஒன்று எடுத்த மூன்று நிமிட விளம்பரத்தைச் சொல்வேன். பலரும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். ஓர் இளைஞன், கூரைக் குழாயிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு அடியில் வாடிய செடித் தொட்டியை நகர்த்தி வைக்கிறான். தன் தட்டிலிருந்த கோழியை நாய்க்குக் கொடுக்கிறான். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதவில் வாழைப்பழத்தை மாட்டிவிட்டு ஓடிவிடுகிறான். காப்புறுதி விற்பதற்காக எடுத்தது இது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் என் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை, "டீச்சர், இதெல்லாம் நாமளே செய்யலாமே!" என்றாள். அடுத்த மழைக்குச் சிற்றுண்டிச்சாலைக் கூரை ஒழுகும் இடத்தில் துளசித் தொட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

பிறர் செய்யும் நல்லதைத் திரையில் பார்த்தால் மனம் நெகிழ்வதோடு கையும் நீளும் என்று 2010-இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வு சொல்கிறது. நெகிழ வைக்கும் காட்சியைப் பார்த்தவர்கள், மற்றக் காட்சிகளைப் பார்த்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் உதவினார்களாம். ஆனால் அங்கே உதவி கேட்டு ஒருவர் பக்கத்திலேயே இருந்தார், செய்ய ஒரு வேலையும் தயாராக இருந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த நம் ஊர்த் துன் சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போனபோது "சமுதாயத்தைக் காப்பாற்றுங்கள்" என்று சொன்னதோடு நிற்கவில்லை. பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) பணம் சேருங்கள் என்றார். அப்படி 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், அடுத்த ஆண்டே கெடாவில் தோட்டம் வாங்கியது. என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தால் நம் மக்கள் செய்வார்கள்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, உதவி வேண்டுவோர் வீட்டு முன்னால் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்ற இயக்கம் நாடு முழுக்கப் பரவியது நினைவிருக்கும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அம்மா கொடியை வீட்டுக்குப் பின்னால், சமையலறைப் பக்கம் கட்டியிருந்தார். சாலையில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சம். பின் லோரோங்கில் (சந்தில்) சைக்கிள் ஓட்டிக்கொண்டு போன ஒரு பையன் பார்த்துவிட்டு அவன் அம்மாவிடம் சொன்னான். அன்று சாயங்காலமே அரிசி, மீகூன், சார்டின் டின் எல்லாம் ஒரு பையில் அந்தப் பின்கதவுக் கம்பியில் தொங்கின. வைத்தவர் கதவைத் தட்டக்கூட இல்லை.

சில நாள் கழித்து, உதவிக் குழு என்று சொல்லிக்கொண்டு சிலர் கைப்பேசியும் கையுமாக வந்தார்கள். அரிசிப் பையை அந்த அம்மா கையில் கொடுத்து, "இந்தப் பக்கம் திரும்புங்கம்மா, கும்பிட்ட மாதிரி நில்லுங்க" என்றார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். துண்டை எடுக்கச் சொன்னார்கள். அந்தக் காணொளி சோக இசையோடு முகநூலில் சுற்றியது. யாரிடமிருந்து இதைக் கற்றார்கள்? கதாநாயகன் கொடுப்பான், வாங்குபவர் காலில் விழுவார், கேமரா அவரைச் சுற்றிச் சுற்றி வரும். அந்தக் காட்சியைத்தான் நிஜ வீட்டு வாசலில் எடுக்கிறார்கள்.

இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல் என்று நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் குறள் எதற்கு? "என்னிடம் இல்லை" என்று சொல்லும் துன்பத்தைக்கூட அவருக்குக் கொடுக்காதே என்கிறார் வள்ளுவர். நாம் அதைச் சொல்லவைத்து, பதிவும் செய்து, ஊருக்கெல்லாம் காட்டுகிறோம்.

முகத்தைக் காட்டினால்தான் பணம் வருகிறது என்று அந்தக் குழுவினர் சொல்வார்கள். உண்மைதான். 2007-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஆப்பிரிக்காவின் பசிக் கொடுமையைப் புள்ளிவிவரமாகச் சொன்னபோது கிடைத்ததைவிட, மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் பெயரையும் படத்தையும் காட்டிக் கேட்டபோது இரண்டு மடங்கு கிடைத்தது. மனித மனம் அப்படித்தான். ஆகவே அழவைக்க ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தைத் தருவதற்குத்தானே சினிமா இருக்கிறது, நடிகர்கள் இருக்கிறார்கள்?

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய "ஜகாட்", 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பத்துப் பையன் அப்போய், அப்பாவின் அடிக்கும் குண்டர் கும்பலுக்கும் நடுவே வளர்வதைக் காட்டிய படம். அதைப் பார்த்த பிறகு பின்வரிசையில் உட்கார்ந்து வம்பு செய்யும் பையன்களை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். அதற்காக நம் ஊர்ப் பிள்ளை எவனுடைய வீட்டுக் கதையும் சந்திக்கு வரவேண்டியிருக்கவில்லை. 2021-இல் "ஜெய் பீம்" வந்தபோது நடிகர் சூர்யா இருளர் பழங்குடி மக்களின் கல்விக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். சரி, எல்லாராலும் கோடி கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் படம் பரிதாபத்தோடு நிற்காமல், வழக்கு, சாட்சி, சட்டம் என்று நியாயத்தைப் படிப்படியாக எடுத்து வைத்தது. இளகிய மனதுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது.

எங்கள் ஊரில் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை ஈப்போவுக்குப் போய்வரும் முதியவர்கள் இருக்கிறார்கள். கார் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் ஒரு நல்ல குறும்படம் போட்டு, வெளியே போகும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். செவ்வாய், வியாழன், சனி என்று கோடு போட்டு, யாருக்கு எந்த நாள் முடியும் என்று எழுதச் சொல்லலாம். கண்ணீர் காய்வதற்குள் எழுதச் சொல்லவேண்டும், வீட்டுக்குப் போய்விட்டால் அப்புறம் அவரவர் வேலை. உள்ளூரில் குறும்படம் எடுக்கும் தம்பிகளிடமும் இதைக் கேட்கிறேன். கதை சொல்லுங்கள், நடிகர்களை அழவிடுங்கள், கடைசியில் என்ன செய்யலாம் என்று ஒரு சின்னக் காரியத்தையும் சொல்லுங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். உதவி கேட்டுத் தங்கள் இதழில் வரும் செய்திகளில் நோயாளியின் முகத்தையும் அழும் பிள்ளைகளையும் போடவேண்டாம். என்ன தேவை, எவ்வளவு, யாரிடம், எந்தத் தேதிக்குள் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வசூல் குறையலாம், அது தெரிந்துதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்